ஜமுக்காளம் மடிக்கும் நேரம்

போன மாதம் அலுவலகத்திலிருந்து நிவேதா என்றொரு பெண் போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். குரலில் நல்ல சுறுசுறுப்பு.

"சார், நம்ம பெற்றோர் கூட்டங்களைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் போடுறோம். பழைய ஃபைல்ல ஒரு வெற்றிக் கதை பாத்தேன். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு குழந்தைத் திருமணத்தை நிறுத்தியிருக்கீங்க. அதை ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சார்."

"வெற்றின்னா போட்டிருக்கு?"

"ஆமா சார். திருமணம் தடுத்து நிறுத்தப்பட்டது, பெற்றோர் எழுத்துப்பூர்வமாக உறுதி அளித்தனர்னு இருக்கு. உங்க கையெழுத்துதான்."

என் கையெழுத்துதான். அந்த வரியை எழுதிய நாளில் அது பொய் இல்லை. ஐந்து வாரம் கழித்துப் பொய்யாகிப் போனது. அப்போது அந்தக் கோப்பைத் திரும்ப எடுத்துத் திருத்த எனக்குத் தெம்பு வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று நிவேதாவிடம் சொன்னேன். அவள் கேட்டது இதை அல்ல என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் செய்த வேலைக்கு நல்ல பெயர் ஒன்று கிடையாது. ஒரு தொண்டு நிறுவனத்துக்காக மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசுவது. பிள்ளை வளரும் வயதில் அதன் உடம்பிலும் மனதிலும் என்ன நடக்கிறது, வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வது. என் மாமியார் கடைசி வரைக்கும் என்னைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாக்கள் கூட்டத்துக்குப் பெண் ஊழியர்கள் இருந்தார்கள். என் தலையில் கட்டியது அப்பாக்களை. அப்பாக்களைக் கூட்டத்துக்கு வர வைப்பது லேசுப்பட்ட காரியமா? சிம்மக்கல்லில் கடை கடையாக ஏறி இறங்குவேன். "அண்ணே, இதெல்லாம் பொம்பளையாளுகட்ட சொல்லுங்கண்ணே. நமக்குச் சம்பாதிச்சுப் போடுறதோட வேலை முடிஞ்சுச்சு" என்பார்கள். டீயும் வடையும் உண்டு என்றால் பத்துப் பேர் வருவார்கள். வடையைத் தின்றுவிட்டு ஆறு பேர் போய்விடுவார்கள். மீதி நாலு பேரை வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டார்கள் என்பதற்கு மேல் எதுவும் நினைவில்லை. வேலையைக் கற்றுக்கொடுத்தது எங்கள் தலைவி தமயந்தி மேடம். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட நூல் சேலை, கையில் ஒரு நீளமான நோட்டு. என் கூட்டங்களுக்கு வந்தால் கடைசி வரிசைக்கும் பின்னால் தரையில் உட்கார்ந்துகொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எழுதிக்கொண்டே இருப்பார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நோட்டைத் திறந்து, "இன்னைக்கு 'கூடாது'ன்னு பதினாலு தடவை சொன்னீங்க தங்கராஜ்" என்பார். அவ்வளவுதான். திட்டு கிடையாது, அறிவுரை கிடையாது. திட்டியிருந்தால்கூட அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. பேச்சு ஒரு மணி நேரம், ஜமுக்காளம் அரை மணி நேரம்.

எங்களிடம் நீளமான கோடு போட்ட ஜமுக்காளங்கள் இரண்டு இருந்தன. கூட்டம் முடிந்ததும் அவற்றைப் பேசியவரேதான் மடிக்க வேண்டும். வேறு ஊழியர் கை வைக்கக்கூடாது. ஆரம்பத்தில் எனக்கு ஆத்திரமாக வந்தது. தொண்டை வறளப் பேசிவிட்டு ஜமுக்காளமும் நான்தான் மடிக்க வேண்டுமா என்று அவரிடமே கேட்டேன்.

"அம்புட்டு நீளத்தை ஒரு ஆளு மடிக்க முடியாதுல்ல? யாராவது ஒருத்தர் மறுமுனையைப் பிடிக்க வருவாரு. அவருக்குத்தான் கேள்வி இருக்கும்" என்றார். "அவர் மூஞ்சியைப் பாக்காதீங்க. ஜமுக்காளத்தைப் பாருங்க. அவர் பேசி முடிக்கலைன்னா, மடிப்புச் சரியில்லைன்னு சொல்லித் திரும்ப விரிங்க."

அவர் சொன்னபடியே நடந்தது. நாலு பேர் நடுவில் தன் பிள்ளையைப் பற்றி வாய் திறக்கிற அப்பனை நான் பார்த்ததில்லை. "கேள்வி இருந்தா கேளுங்க" என்றால் எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள். ஆனால் ஜமுக்காளத்தை உதறிய உடனே யாராவது ஒருவர் தயங்கி நின்று மறுமுனையைப் பிடிப்பார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், மார்க்கெட் முழுக்க அதட்டுகிற குரல் அவருக்கு, ஜமுக்காளத்தைப் பிடித்துக்கொண்டு எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்: "பதினோரு வயசாச்சு சார். இன்னும் படுக்கையில போறான். நான் அடிச்சுட்டேன் சார்." அன்றைக்கு அதே ஜமுக்காளத்தை நாலு முறை விரித்து நாலு முறை மடித்தோம்.

இன்னொரு சட்டமும் சொல்வார். ஒரு பதில் சொல்லும் முன்னால் மூன்று கேள்வியாவது கேட்க வேண்டும். இதையெல்லாம் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவன் நான். தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

சமயநல்லூரிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊர். பெயர் வேண்டாம், அந்தப் பெண் இன்னும் இருக்கிறாள். அவளைப் பாண்டிச்செல்வி என்று வைத்துக்கொள்கிறேன், அவள் அப்பாவை வீரணன் என்று. கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் காய்கறியும் போடுகிற விவசாயி. கூட்டம் தவறாமல் வந்து முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்காருவார். நான் சொல்வதைச் சின்ன டைரியில் எழுதிக்கொள்வார். இப்படி ஒரு அப்பா கிடைத்தாரே என்று எனக்குப் பெருமை.

அந்த மாதம் நான் ஒரு தாள் அச்சடித்திருந்தேன். 'உங்கள் பிள்ளையிடம் இந்த மாற்றங்கள் தெரிகின்றனவா?' என்று தலைப்பு. கீழே ஒன்பது வரி. மதிப்பெண் குறைகிறது, தோழர்களை விட்டு ஒதுங்குகிறது, முகம் பார்த்துப் பேசுவதில்லை, தலைவலி என்று படுத்துக்கொள்கிறது, போனை முகத்துக்கு அருகில் மறைத்து வைத்துப் பார்க்கிறது, பள்ளியிலிருந்து தாமதமாக வருகிறது, இப்படி. பிள்ளைக்கு ஏதோ கஷ்டம் என்று பெற்றோருக்குச் சீக்கிரம் தெரியட்டும் என்றுதான் எழுதினேன். தமயந்தி மேடம் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இதெல்லாம் இருந்தா என்ன செய்யணும்னு போடலையே?"

"அதை நான் வாயால சொல்லிருவேன் மேடம்."

"தாளு வீட்டுக்குப் போகும் தங்கராஜ். உங்க வாய் போகாது."

அச்சாகி வந்துவிட்டது, ஐந்நூறு தாள் இருக்கிறது என்றேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு, ஊர் நாடக மேடையில் கூட்டம். அன்றைக்கு இந்தியா ஆடுகிற கிரிக்கெட் இறுதிப் போட்டி. மேடைக்கு எதிர்வீட்டு டிவியில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கும் கவனம் அங்கேதான். ஒரு மணி நேரப் பேச்சை அரை மணியில் முடித்துத் தாளைக் கொடுத்தேன். அப்பாக்கள் எல்லாம் எதிர்வீட்டு வாசலுக்குப் பறந்தார்கள். ஐந்து இருபது பஸ்ஸைப் பிடித்தால் கடைசிப் பத்து ஓவரையாவது வீட்டில் பார்த்துவிடலாம் என்று எனக்குக் கணக்கு. ஆமாம், அதுதான் காரணம். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. ஒரு விசேஷமும் இல்லை. மேட்ச் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜமுக்காளத்தை மடிக்கவில்லை. சுருட்டினேன். தனியாகவே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். வீரணன் மட்டும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். மறுமுனையைப் பிடிக்கத்தான் நின்றிருக்கிறார். பிடிக்க முனை இல்லை. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே ஓடிவந்தார்.

"சார், இதுல ஒம்பதுல ஏழு எம்மகட்ட இருக்கு சார்."

பஸ் வந்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "கண்ணை எடுக்காமப் பாத்துக்கங்கண்ணே. அடுத்த மாசம் வாரேன், உக்காந்து பேசுவோம்."

"சரிங்க சார்" என்றார். வீட்டுக்கு வந்து மேட்சைப் பார்த்தேன். யார் ஜெயித்தார்கள் என்பது இப்போது ஞாபகம் இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வீரணன் வரவில்லை. முன்வரிசை காலியாக இருந்தது எனக்கு உறுத்தியது. டீக்கடையில் கேட்டேன்.

"அவரு எங்குட்டு சார் வருவாரு? மகளுக்குப் பரிசம் போட்டாச்சுல்ல? அவுக அக்கா மகனுக்குத்தான். வர்ற மாசம் கல்யாணம்."

"அந்தப் பிள்ளை பத்தாவதுல்ல படிக்குது?"

"படிச்சுச்சு" என்றார் டீக்கடைக்காரர்.

நேராக வீட்டுக்குப் போனேன். வீரணன் என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நன்றி. அதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"சார், நீங்க மட்டும் சொல்லலைன்னா எங்குடும்பம் சந்தி சிரிச்சிருக்கும். நீங்க சொன்னாப்லயே செஞ்சேன். எட்டு நாளு தோட்டத்துக்கே போகல. எம்மகளையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

சுவரில் தேதி கிழிக்கிற காலண்டருக்குப் பக்கத்தில் என் தாள் ஒட்டியிருந்தது. ஏழு வரிக்கு நேராகப் பேனாவால் சரி போட்டிருந்தார். எட்டாவது வரிக்கும் பிறகு ஒரு நாள் சரி போட்டிருக்கிறார், அந்த மை வேறு நிறத்தில் இருந்தது.

"பள்ளிக்கொடத்துக்குப் பின்னாடியே போனேன் சார். பஸ் ஸ்டாப்புல ஒரு பயகிட்டப் பேசிக்கிட்டு நிக்கிறா. ரெண்டு பஸ் போயிருச்சு, ஏறல. மூணாவது பஸ்சுலதான் ஏறுறா. இதுக்கு மேல என்ன சார் வேணும்? அன்னைக்கே படிப்பை நிப்பாட்டிட்டேன்."

பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளிருந்து வந்து தூணோரம் நின்றாள். பதினைந்து வயது. தலையைக் குனிந்தே இருந்தாள். சுவரைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் படித்தாள். சுவரிலிருந்து நாலு விரல் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தலையை நகர்த்தி நகர்த்திப் படித்தாள்.

"பாருங்க சார் நடிப்பை" என்றார் வீரணன்.

நான் நாலு எட்டுப் பின்னால் போய் நின்றேன். "பாண்டிச்செல்வி, இங்க வா. என் பக்கத்துல நில்லு. இப்பக் காலண்டரைப் பாரு. இன்னைக்கு என்ன தேதி?"

அங்கிருந்து சுவர் எட்டடி இருக்கும். காலண்டரில் தேதி உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"தெரியல சார்."

"பஸ் போர்டு?"

"கிட்ட வந்தாத்தான் சார் தெரியும். அதுக்குள்ள எடுத்துருவாக. அதான் யாருகிட்டயாச்சும் கேப்பேன்."

கரும்பலகை தெரியாமல் மதிப்பெண் குறைந்திருக்கிறது. தலைவலி வந்திருக்கிறது. எதிரே வருகிற தோழிகளை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போக, அவர்கள் கோபித்துக்கொண்டு ஒதுங்கியிருக்கிறார்கள். முகம் பார்த்துப் பேசவில்லை என்றால், முகம் தெரிந்தால்தானே பார்ப்பாள்? வீட்டில் சொல்லாததற்கும் ஒரு காரணம் சொன்னாள். கண்ணாடி போட்டிருக்கிறாள் என்பதற்காக அவளுடைய பெரியம்மா மகளை இரண்டு இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "நல்லவேளை, நம்ம வீட்டுல யாருக்கும் அந்தக் கண்ணு இல்ல" என்று அவள் அம்மா இவள் காதுபடச் சொல்லியிருக்கிறார்.

"வீரணண்ணே, உங்க மகளுக்குக் கண்ணு தெரியல. வேற ஒண்ணுமே இல்ல. ஒரு கண்ணாடி போட்டாப் போதும்."

அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எம்புட்டு முட்டாள் நான்! சமையல் கட்டிலிருந்து அவள் அம்மா ஓடிவந்து என்னைக் கும்பிட்டார்.

"சார், உங்க கால்ல வேணாலும் விழுறேன். இதை வெளிய சொல்லிராதீக. பயகிட்டப் பேசினான்னு ஊரே பேசுது. இப்பக் கண்ணும் தெரியாதுன்னா எம்புள்ளைய யாரு சார் கட்டுவா?"

வீரணன் தலை நிமிராமலே சொன்னார்: "எங்கக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டேன் சார். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாத்திப் பேச?"

அன்று சாயங்காலமே தமயந்தி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், பஸ்ஸையும் மேட்சையும் சேர்த்தே. அவர் திட்டவில்லை.

"நீங்க ஏறுன பஸ் எத்தனை மணிக்கு?"

"அஞ்சு இருபது மேடம்."

"அதுக்கு அடுத்த பஸ்?"

"ஆறு மணி."

"நாப்பது நிமிஷம்" என்று சொல்லி அதை நோட்டில் எழுதினார். பிறகு அதிகாரிகளுக்குப் புகார் எழுதச் சொன்னார். எழுதினேன். அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு ஜீப்பில் வந்து நிறுத்தினார்கள். பதினெட்டு முடியாமல் கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று வீரணனிடம் எழுதி வாங்கினார்கள். நிவேதா பார்த்த கோப்பு அத்தோடு முடிகிறது.

முடியாதது இது. பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன் என்று நான் மூன்று முறை போய் நின்றேன். கண்ணாடியோடு வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அம்மா மறித்துவிட்டார். நாலாவது முறை போனபோது வீடு பூட்டியிருந்தது. எங்கோ ஒரு கோவிலில் வைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எந்தக் கோவில் என்று ஊரில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஜீப்பைக் கூட்டிவந்த ஆளிடம் யார் சொல்வார்கள்? அதற்குப் பிறகு அந்த ஊரில் நான் கூட்டம் போடவில்லை. மீதித் தாள்களை அலுவலகத்துக்குப் பின்னால் வைத்து எரித்தேன்.

அதன் பிறகும் பல வருடம் இதே வேலையைத்தான் செய்தேன். ஒரு நாளும் அவசரப்பட்டு ஜமுக்காளம் சுருட்டியதில்லை. அதனால் என்ன? அவளுக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது சிம்மக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம். அதற்குள் அப்பா அம்மா இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட ஆரம்பித்திருந்தோம். பேசி முடித்து ஜமுக்காளத்தை உதறினேன். ஒரு பெண் வந்து மறுமுனையைப் பிடித்தாள். தடித்த கண்ணாடி. நான் வழக்கப்படி முகத்தைப் பார்க்காமல் ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டு மடித்தேன். முனையோடு முனை சேர்க்கக் கிட்ட வந்தபோது சொன்னாள்.

"என்னையத் தெரியலையா சார்? வீரணன் மக."

கை நின்றுவிட்டது. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "கண்ணாடி எப்பம்மா போட்ட?"

"மூத்தவ பொறந்த பெறகு சார். காய்ச்ச மருந்துன்னு நெனச்சு வேற பாட்டிலை எடுத்துப் புள்ளைக்கு ஊத்திட்டேன். ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. பொழைச்சுக்கிருச்சு. அதுக்கப்புறந்தான் எங்கத்தை போட விட்டுச்சு."

"அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு. எங்கிட்டப் பேச மாட்டாரு சார். கோவம் ஒண்ணும் இல்ல. என் கண்ணாடியப் பாத்தா எந்திரிச்சுப் போயிருவாரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை அரைகுறையாக உளறினேன், அழுதும் விட்டேன். அவள் ஜமுக்காள முனையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எட்டு நாளு சார். என் முன்னாடி உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டிருந்தாரு. ஒரு நாளாச்சும் 'உனக்கு என்னத்தா செய்யுது'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க பாக்கத்தான் சொன்னீக. கேக்கச் சொல்லல."

இரண்டு பேரும் சேர்ந்து கடைசி மடிப்பை மடித்தோம். அவள் அதை வாங்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள். வாசலில் அவளுடைய மகள் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள், பத்துப் பதினோரு வயது இருக்கும். பாண்டிச்செல்வி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"சாருக்குப் பஸ்சுக்கு நேரமாகலையே? இவளைப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

நான் பெஞ்சின் மேல் இருந்த ஜமுக்காளத்தை எடுத்து, ஒரு முனையை அவள் கையில் கொடுத்துத் திரும்ப விரித்தேன்.